இறங்கிய சேதி

ஏப்ரல் 24, கஞ்சன்ஜங்கா அடிவார முகாம்

ஒருவழியாக வந்து சேர்ந்தோம். தாப்லேஜுங்கில் ஜீப்பை விட்டதிலிருந்து நடை, நடை, நடைதான். செராம் என்ற ஊரைத் தாண்டினால் மரம் என்ற பேச்சே இல்லை. அதற்கு மேல் யாலுங் பனியாறு. பனியாறு என்றதும் நான் வெள்ளைவெளேரென்று எதையோ நினைத்துக்கொண்டு வந்தேன். பழைய கட்டடத்தை இடித்துப் போட்ட இடம் மாதிரி கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. அடியில்தான் பனிக்கட்டியாம். இரண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது.

என் வீட்டுக்காரர் தவமணிக்கு நாற்பத்தாறு வயது. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிறார். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ரொம்பிவிட்டதா பாருங்கள் என்றால் அவருக்கு முழங்கால் வலிக்கும். உலகத்தின் மூன்றாவது உயரமான மலை என்றால் வலிக்காது. இதுவரை மூன்று மலை ஏறியாகிவிட்டது. இது கடைசி என்று மூன்று தடவையும் சொன்னார்.

அவரோடு ஏறப்போவது வினோபா. திண்டுக்கல்லில் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். முப்பது தாண்டிவிட்டது, ஆனாலும் அண்ணி அண்ணி என்று என் பின்னாலேயே வருவான். வழிகாட்ட நீமா என்ற ஷெர்பா. கீழே எனக்குத் துணைக்குச் சமையல்காரர் புர்பா.

நான் எதற்கு வந்தேன் என்றால், வாக்கி டாக்கிக்கு. மேலே மூளை மந்தமாகிவிடுமாம், இங்கிலீஷ் வராதாம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்றார். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டெலிபோன் ஆபரேட்டர். பல் பிடுங்கின வாயோடு பேசினாலும் எந்த டாக்டர் வேண்டும் என்று பிடித்துவிடுவேன். என் காதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சாட்டிலைட் போனில் மாமாவிடம், அதாவது இவருடைய அப்பாவிடம், பேசினேன். மில்லில் தறிச் சத்தத்திலேயே காலம் போனவர், காது மந்தம். மிஷின் வாங்கிக் கொடுத்தும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார். நான் கத்த, அவர் அதற்கு மேல் கத்தினார். "ஏறிட்டான்னு எனக்குச் சொல்லாத தாயி. அது பாதிச் சேதி. எறங்கிட்டான்னு சொல்லு. அதுக்குத்தான் நான் உக்காந்திருப்பேன்."

ஒரே பிள்ளை. வேறு என்ன சொல்லுவார்.

ஏப்ரல் 27

இன்று வானம் வெளிவாங்கியது. முழு மலையும் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, வாயடைத்துப்போனேன். அப்புறம் கோபம் வந்தது. இவ்வளவு பெரியதன் மேல் இந்த மனுஷனுக்கு என்ன வேலை?

சாப்பாட்டுக் கூடாரத்தில் அவர் பாடம் நடத்தினார். ஐந்து சிகரமாம். பெருவெண்பனியின் ஐந்து செல்வங்கள் என்று பெயருக்கு அர்த்தமாம். நேபாளத்துக்கும் சிக்கிமுக்கும் எல்லையில் இருக்கிறது. ஒரு காலத்தில் உலகத்திலேயே உயரமானது இதுதான் என்று நினைத்திருந்தார்களாம், அளந்து பார்த்ததும் மூன்றாவதாகிவிட்டது. "அதனால என்ன, மலைக்குத் தெரியவா போகுது?" என்றார்.

1955இல் பிரிட்டிஷ் குழு முதன்முதலாக ஏறியது. சிக்கிம்காரர்களுக்கு இந்த மலை சாமி. உச்சியை மிதிக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். முதல் நாள் இரண்டு பேர், மறுநாள் இரண்டு பேர், நால்வருமே உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று திரும்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வருகிறவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். தானும் அப்படித்தான் நிற்பேன் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை.

"மிதிக்காம வர்றதுக்கு இவ்ளோ தூரம் போகணுமா? நான் போடியிலேயே மிதிக்காமத்தான் இருந்தேன்" என்றேன். வினோபா சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டினான்.

ஐந்து செல்வங்களில் ஒன்று உப்பாம். அது எனக்குப் பிடித்திருந்தது.

மே 1

நாள் முழுக்கப் பனி. மூன்று ஜோடி காலுறை துவைத்தேன். ஒன்றும் காயவில்லை.

மே 6

உடம்பு பழகுவதற்காக இரண்டாம் முகாம் வரை போய்த் தங்கிவிட்டு இறங்கினார்கள். முகம் கருத்து, உதடு வெடித்து, சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாது. அவருக்கு இருமல். இங்கே எல்லோருக்குமே இருமல், குளிர்ந்த காற்று தொண்டையை அறுக்கிறது. நான் கொண்டுவந்த ஏலக்காயை மெல்லச் சொன்னேன். ஏலக்காய் வியாபாரிக்கே ஏலக்காய் கொடுக்கிறாயா என்றார்.

கைக்குட்டைகளைத் துவைத்தேன். இரண்டில் சிவப்பாகத் திட்டு. வாயில் புண் என்றார். உதடு வெடித்தால் அப்படித்தான் இருக்கும். உப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். போய்விட்டது.

மே 9

நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கமாக ஏறப் பார்த்தவர்களில் நான்கு பேர் பனிச்சரிவில் செத்தார்களாம். ஒருவர் வெள்ளைக்காரர், மூன்று பேர் சுமைகூலிகள். வெள்ளைக்காரர் பெயர் மட்டும் இவருக்கு நாக்கில் நிற்கிறது. மற்ற மூவர் பெயர் என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. அவர்கள் வீட்டில் சேதியை யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். ரேடியோ இல்லாத காலம்.

அவர் பேச்சை மாற்றினார். ராத்திரி படுத்தால் மூச்சு இழுக்கிறது போலிருக்கிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். கேட்டால் வசதியாக இருக்கிறது என்கிறார்.

மே 12

வானிலை நன்றாக இருக்கிறது, கிளம்புகிறார்கள்.

புர்பா சாம்பிராணி மாதிரி ஒரு செடியைப் புகைய வைத்தார். எல்லோரும் அதைச் சுற்றிவந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த கல்லுப்பில் ஒரு பிடி முடிந்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். நிற்கிற இடத்தில் வைத்துவிட்டு வாங்க, சாமிக்கு நம் ஊர் உப்பு எப்படி என்று தெரியட்டும் என்றேன்.

"சமையல்ல போட்டதுக்கு மிச்சமா?"

"ஆமா. சமையல்ல கூடிப்போச்சுன்னு சொன்னீங்கள்ல."

"போயிட்டு வர்றேன் ராணி."

திரும்பிப் பார்க்காமல் போனார். வினோபாதான் மூன்று தடவை கையை ஆட்டினான். இருமல் சத்தம் மட்டும் பாறை மறைக்கிறவரை கேட்டது.

மே 14

மூன்றாம் முகாம். காலையும் மாலையும் பேசுகிறார்கள். சாப்பிட்டீங்களா என்றால் சாப்பிட்டோம் என்கிறார். பொய். ஆனால் குரல் தெளிவு.

புர்பாவுக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். என் ஆஸ்பத்திரி இந்தியும் அவருடைய இந்தியும் எப்படியோ பேசிக்கொள்கின்றன. ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இது சாப்பாடா மருந்தா என்று கேட்டார்.

மே 16

நான்காம் முகாம். இன்று சாயங்காலமே கிளம்பிவிடுவார்கள். விடிய விடிய நடை. வினோபாதான் பேசினான். அண்ணன் ஏன் பேசவில்லை என்றேன். தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார் என்றான். வீட்டில் ஒரு நாளாவது காய்ச்சியிருப்பாரா?

மே 17

ஏறிவிட்டார்!

முற்பகலில் கூப்பிட்டார். அவரே. காற்று அப்படி அடிக்கிறது, ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"ராணி, நின்னுட்டேன். உச்சி இந்தா இருக்கு. நம்ம மொட்டமாடி ஒசரம்கூட இருக்காது. நின்னுட்டேன்."

"முழங்கால் வலிக்குதா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. நிற்கவே இல்லை. பிறகு நீமா வாங்கி, கீழே இறங்குகிறோம் என்று சொல்லிவிட்டு அணைத்தான்.

நான் அழுதேன். புர்பா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஊருக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஏறிட்டாரு!"

"எறங்கிட்டானா?"

"இப்பத்தான் ஏறியிருக்காரு மாமா."

"அப்பப் போனை வையி. எறங்கினப்புறம் கூப்பிடு."

பிடிவாதத்தில் பிள்ளையும் அப்பனும் ஒன்றுதான்.

சாயங்காலம் கூப்பிடுவார்கள் என்று ரேடியோவை மடியிலேயே வைத்திருந்தேன். கூப்பிடவில்லை. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மே 18

காலையில் வந்தது. வினோபா. ஒரே கொரகொரப்பு. ஒரு சொல் வந்தால் இரண்டு சொல் போகிறது.

"அண்ணி... அண்ணன்... எற... ட்டாரு."

"எறங்கிட்டாரா?"

இரைச்சல். பிறகு, "ஆமா அண்ணி."

அழுகிறான். பெரிய ஆம்பளை, விசும்பி விசும்பி அழுகிறான். "அழாதடா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, நீ அழாத" என்றேன். மன்னிச்சிருங்க என்றான், எங்களால முடிஞ்சவரைக்கும் என்று ஏதோ சொன்னான், அறுந்துவிட்டது. நேற்றே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது. இதற்கெல்லாமா மன்னிப்பு.

உடனே மாமாவுக்குப் போட்டேன்.

"எறங்கிட்டாரு மாமா!"

"என்ன தாயி?"

"எறங்கிட்டாரு! எ, றங், கிட், டா, ரு!"

அவர் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. யாரோ கை தட்டினார்கள். மாமியார் அத்தை போனை வாங்கி, தெரு முழுக்க லட்டுக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நீ போனதாலதான் அவன் எறங்கினான் என்றார். அத்தை ஒரு தடவைகூட என்னிடம் இப்படி அன்பாகப் பேசியதில்லை.

புர்பாவுக்குத்தான் என்ன வந்ததோ. அவருடைய ரேடியோவில் ஷெர்பாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். நான் சிரித்துக்கொண்டு போய் சர்க்கரை கேட்டேன், கேசரி கிண்டலாம் என்று. என் தலையில் கையை வைத்தார். டீ குடிங்க தீதீ, தைரியமா இருங்க தீதீ என்கிறார், தீதீ என்றால் அக்கா. முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது. ஊரில் இவருக்கு ஏதோ பிரச்சினை என்று நினைக்கிறேன். கேட்டால் தலையை ஆட்டுகிறார்.

கேசரியை நானே கிண்டினேன். அவர் தொடவில்லை.

மே 19

மேகம் இறங்கி மூடிக்கொண்டது. போனுக்குச் சார்ஜ் இல்லை, வெயில் வந்தால்தான் ஏறும். ரேடியோவிலும் சத்தமில்லை.

அவருடைய கூடாரத்தைக் கூட்டி, படுக்கையை உதறிப் போட்டேன். மாற்றுத்துணி எடுத்து வைத்தேன். முதலில் வெந்நீர், பிறகு ரசம், பிறகு திட்டு. எதை எதைச் சொல்லித் திட்டவேண்டும் என்று வரிசையாக வைத்திருக்கிறேன்.

மதியம் கொஞ்ச நேரம் மேகம் விலகியது. பைனாகுலரில் பார்த்தேன். இரண்டாம் முகாமுக்குக் கீழே சரிவில் இரண்டு புள்ளிகள், மெதுவாக வருகின்றன. மூன்றாமவர் பாறைக்குப் பின்னால் இருப்பார். எப்போதும் பின்னால்தான் நடப்பார், கடைத்தெருவிலும் அப்படித்தான்.

புர்பா சமையல் கூடாரத்தில் ஒரு நெய்விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார். எதற்கு என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் பற்றாத இடத்தில் நெய் எதற்கு வீண். ஆனால் அணைக்கவில்லை, அவர் சாமி அவருக்கு.

மே 20

வினோபா வந்தான். நீமா வந்தான்.

நான் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றேன். பாறையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "எங்கடா, இன்னும் பின்னாலயா வர்றாரு?"

வினோபா முழங்காலில் விழுந்து என் காலைப் பிடித்தான். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அண்ணி, சொன்னேனே அண்ணி, சொன்னேனே என்றான்.

"எறங்கிட்டாருன்னு சொன்ன."

"எறந்துட்டாருன்னு சொன்னேன் அண்ணி."

எழுதும்போது இரண்டும் வேறுவேறாகத்தான் இருக்கின்றன.

மே 21

எழுதாமல் இருந்தால் இது நடக்கவில்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறது. எழுதுகிறேன்.

உப்பை வைத்தாராம். கையுறையைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, பனியில் கொட்டிக் கும்பிட்டாராம். அதுவரைக்கும் நல்லா இருந்தாரு அண்ணி என்கிறான். இறங்கும்போதுதான் கால் பின்னியது. கொஞ்சம் நடப்பார், உட்காருவார். இருமினால் நுரை நுரையாக ரத்தம். இரண்டு பேரும் தாங்கிப் பிடித்து, இழுத்து, கயிற்றில் இறக்கி, சாயங்காலம் வரை பார்த்தார்களாம். நான்காம் முகாம் கண்ணுக்குத் தெரிகிற இடம். கொஞ்சம் உட்காருகிறேன் என்றார். வாயில் ஏலக்காய் இருந்ததாம். அப்புறம் எழுந்திருக்கவில்லை. காற்று தள்ளிவிடாமல் நீமா கயிற்றால் பாறையோடு கட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்த உயரத்திலிருந்து கொண்டுவர முடியாதாம், ஹெலிகாப்டரும் வராதாம். மலையிலேயே இருக்கட்டும் என்று காட்மாண்டுவில் எங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்கள் ஷெர்பாக்கள் மூலமாகச் சொல்லிவிட்டார்களாம். இருக்கட்டும் என்று சொல்ல அவர்கள் யார்?

வினோபாவைக் கேட்டேன். ஏன்டா அந்தச் சொல்லைச் சொன்னாய், ஊரில் யாராவது அப்படியா சொல்லுவோம், வேறு சொல்லா இல்லை?

ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தானாம். "செத்துட்டாருன்னு என் வாயில வரல அண்ணி. போயிட்டாருன்னு சொன்னா, எங்க, மறுபடி மேலயான்னு கேப்பீங்க. தவறிட்டாருன்னா கால் தவறிருச்சு, எங்கயோ கெடக்காரு, போய்த் தூக்குங்கன்னு சொல்லுவீங்க. கொழப்பமே இல்லாத சொல்லா, மரியாதையான சொல்லா இருக்கட்டும்னுதான் அண்ணி."

பிறகு சொன்னான். "நீங்க அழாதடான்னு எனக்கு ஆறுதல் சொன்னீங்க. எங்க அண்ணிக்கு எம்மாம் பெரிய மனசுன்னு நீமாகிட்டச் சொல்லிச் சொல்லி அழுதேன்."

புர்பா என்னைப் பைத்தியம் என்று நினைத்திருக்கிறார். புருஷன் செத்த சேதியைக் கேட்டுவிட்டுக் கேசரி கிண்டினவள்.

மலையைத் திட்டலாம் என்று வெளியே போனேன். மேகம். ஒன்றும் தெரியவில்லை. அவர் அதற்கு உச்சியை விட்டுக்கொடுத்தார். அது அவரை விட்டுக்கொடுக்கவில்லை. சாமியாம்.

அந்தக் கைக்குட்டைகள் வெள்ளை வெளேரென்று மடித்து இருக்கின்றன. எதற்கு அவ்வளவு நன்றாகத் துவைத்தேன்.

மே 22

மேகம். போனில் உயிரில்லை. அது எனக்கு நல்லதாகவே இருந்தது.

மே 23

வெயில் வந்துவிட்டது. புர்பா சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வினோபா தான் பேசுகிறேன் என்றான். வேண்டாம், இறங்கிட்டாரு என்று நான்தானே சொன்னேன், நான்தான் சொல்லவேண்டும் என்றேன். தெரு முழுக்க லட்டுத் தின்றிருக்கிறது.

எந்தச் சொல்லைச் சொல்வது என்று ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அதற்குள் போன் அடித்தது.

"தாயி!" மாமாதான். "டிவில என்னமோ கீழ ஓட்டுறான். போடியச் சேர்ந்தவரு மலையில எறந்துட்டாருன்னு. நான் நம்பல. நீ எறங்கிட்டான்னு சொன்னேல்ல, எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க அத்த கெடந்து அழுறா. நீயே சொல்லு அவளுக்கு."

"மாமா."

"சத்தமாச் சொல்லு தாயி."

அந்தச் சொல் வரவில்லை. என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். அதுவும் உண்மைதானே.

"எறங்கல மாமா."

"என்ன?"

"அவரு எறங்கல. எறங்கல மாமா."

 புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"எறக்கலையா!" அப்படி ஒரு கத்தல். "ஏய், கேட்டியா? எறக்கலையாம்! நான் சொல்லல? உசிரோடதான் இருக்கானாம்! டிவிக்காரன் நாசமாப் போக!"

அத்தை ஓவென்று அழுவது கேட்டது, சந்தோஷத்தில். பின்னாலேயே ஆட்கள். கதவு, காலடி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். யாரோ வெடி வாங்கி வரச் சொன்னார்கள். மாமா சிரிக்கிறார். மாமா சிரித்து நான் கேட்டதே இல்லை. "எப்ப எறங்கி வருவான் தாயி? நாளு சொல்லு. நான் மதுரைக்கே வந்து கூட்டிக்கிறேன்."

வினோபா என் எதிரில் நிற்கிறான். என்ன அண்ணி, சொல்லிட்டீங்களா, என்ன சொன்னாரு மாமா என்று கேட்கிறான்.

லைன் போய்விட்டது என்று சொன்னேன்.

லைன் போகவில்லை. நான்தான் வைத்தேன்.